இசக்கி முற்றத்துப் பிரசவ விடுதி

ஆலடிமங்கலம்,
கொல்லம் 1130 பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஆறுமுகப்பெருமாளுக்கு உன் தகப்பன் வள்ளிநாயகம், ஈசன் திருவடியை நினைந்து ஆசி கூறி எழுதுவது. இவ்விடத்தில் எல்லோரும் உடம்பால் நலமாக இருக்கிறோம், மனத்தால் எப்படி இருக்கிறோம் என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே அறிந்துகொள்வாய். அவ்விடத்தில் உன்னை அம்மையப்பன் காத்தருளுமாறு நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். கும்பப்பூ அறுவடை முடிந்து வைக்கோலும் போராகிவிட்டது, விளைச்சல் குறைசொல்ல முடியாதபடி இருந்தது. உன் தாய்க்கு முழங்கால் வலி தீரவில்லை, ஆனால் அதனால் அவள் நடை குறையவுமில்லை. உன் மூத்த தங்கை தாணம்மாளும் குழந்தையும் புகுந்த வீட்டில் சுகம், குழந்தை குப்புற விழத் தொடங்கிவிட்டதாம். உன் இளைய தங்கை உலகம்மை விஷயமாகத்தான் இக்கடிதம். அவளுக்கு இப்போது திருமணமா, அல்லது அவள் விரும்பிக் கேட்கும் மருத்துவச்சிப் பயிற்சியா என்ற இரண்டில் ஒன்றை நான் வாய்திறந்து சொல்லியாக வேண்டிய நிலை வந்தது. வெள்ளிக்கிழமையன்று தோவாளைப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று நம் வீட்டில் நடந்ததை ஊரார் அவரவர்க்குத் தோன்றியபடி பேசுகிறார்கள், அந்தப் பேச்சு வேறு யார் மூலமாகவாவது உன்னை வந்து சேருமுன் நானே உள்ளது உள்ளபடி எழுதிவிடுவது முறையென்று எண்ணி உட்கார்ந்தேன்.

உன் சென்ற கடிதத்தை உன் தாய்க்கும் பக்கத்து வீட்டில் இருக்கும் உன் சிற்றப்பன் சிவதாணுவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மகாநதியின் குறுக்கே நீங்கள் எழுப்பும் அணையையும், அதனால் பாயப்போகும் நீரையும், பிறக்கப்போகும் மின்சாரத்தையும் நீ எழுதியிருந்த விதம் நன்றாக இருந்தது, இன்னும் இருபது ஆண்டில் நம் நாடு மேல்நாடுகளுக்கு நிகராக நிற்கும் என்று நீ முடித்திருந்த இடத்தில் உன் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவதாணு மட்டும், "கரண்டு வரட்டும் அண்ணாச்சி, நல்லதுதான். வெளக்கு எரிஞ்சா நம்ம ஊருல ஆராரு உள்ள வர பயந்து வெளிய நிக்கான்னு தெளிவாத் தெரியுமில்லா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான் என்று நீ சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சொல்லின் பின்னே ஒரு துயரம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் வெள்ளிக்கிழமை நடந்தது உனக்கு விளங்கும்.

சர்க்கார் நம் ஊருக்கு ஒரு பிரசவ விடுதி கட்டித் தருவதாகச் சொன்னதும், இடத்தை மட்டும் ஊரார் இலவசமாகத் தரவேண்டும் என்று ஓர் அதிகாரி வந்து கேட்டதும் நீ அறிந்ததுதான். வயலை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும், தோப்பை விட்டுக்கொடுக்கத்தான் யாருக்கு மனம் வரும், கோயில் வெளியில் கூடிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது சிவதாணு, "வடக்கு எல்லையில இசக்கி முற்றத்தை ஒட்டி ஒரு தரிசு கெடக்கே, அதைக் குடுத்தா ஆருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டான். எல்லோர் மனமும் குளிர்ந்தது, என் மனமும்தான். அதிகாரிக்கு மாலை போட்டு அனுப்பினோம். அவர் வெளியூர்க்காரர், இசக்கி யாரென்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், நீயும் மறந்திருக்கமாட்டாய், சிறுவனாக இருக்கையில் உச்சிவேளையில் அந்தப் பக்கம் போகாமல் குளக்கரை வழியாகச் சுற்றிப் போகிறவன் நீ. வயிற்றுப் பிள்ளையோடு வஞ்சித்துக் கொல்லப்பட்டு, இடுப்பில் குழந்தையும் கண்ணில் சினமுமாக ஊர் எல்லையில் நிற்கிற தெய்வம் அவள் என்பதால், நண்பகலிலும் அந்தியிலும் பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் கண்ணில் படாமல் இருப்பது நம் ஊர் வழக்கம். ஊரெல்லாம் இடமிருக்க, பிள்ளை பெறுவதற்கான வீட்டை அவள் வாசலில் கட்டவைத்தோம். அந்தக் கூட்டத்தில் பெண் ஒருத்தியும் இல்லை. ஒருத்தி இருந்திருந்தாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தே கூட்டத்தைக் கலைத்திருப்பாள்.

ஓட்டுக் கூரையும் இரண்டு கட்டிலும் முன்னால் ஒரு நீண்ட தாழ்வாரமுமாக விடுதி எழுந்தது. மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ராகேல் நர்ஸாக வந்து சேர்ந்தாள். மாதக்கணக்கில் அவள் அந்தக் கட்டில்களைத் துடைத்துத் துடைத்து வைத்ததுதான் மிச்சம். வீடு வீடாகப் போவாள், போன வீட்டில் மோர் கொடுத்து உபசரிப்பார்கள், வயிற்றைத் தொட மட்டும் விடமாட்டார்கள். இப்படி இருக்கையில்தான் ஆவணியில் சிவதாணுவின் மருமகளுக்கு நோவு கண்டு மறுநாளும் பிள்ளை இறங்கவில்லை. விடுதிக்குக் கொண்டுபோகலாமா என்று ஆண்கள் நாங்கள் முற்றத்தில் நின்று ஆலோசித்தோம். உச்சிவேளை தாழட்டும் என்றார் ஒருவர், அந்தி கழியட்டும் என்றார் மற்றொருவர், நானும் ஏதோ சொன்னேன். நாங்கள் பேசி முடிப்பதற்குள் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார்கள். அப்பெண்ணின் இறப்பை அப்போதே உனக்கு எழுதினேன், எப்படி இறந்தாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதன் பின்னும் யாரும் போகவில்லை என்றால் நம்புவாயா? ஆள் வராத விடுதியை மூடி நர்ஸை வேறு ஊருக்கு மாற்றப்போவதாக மேலிடத்திலிருந்து சொல் வந்தது. நான் மாலைதோறும் கோயிலில் பெண்களை உட்காரவைத்து, ஈசனைச் சார்ந்தார்க்கு வேறொன்றாலும் அச்சமில்லை என்பதைப் பழம்பாடல்களின் பொருளோடு சேர்த்து விரித்துரைத்தேன். தலையை அசைத்து உருக்கமாகக் கேட்டார்கள், விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். "அப்பா சொல்லுகது பூரா இசக்கிக்கு வெளங்கணுமே, அவ பள்ளிக்கூடம் போகல்லியே" என்று உலகம்மை தன் அக்காளிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

தாணம்மாள் தலைப்பேற்றுக்கு வந்து வீட்டில் இருந்தாள் அல்லவா, உன் தாய் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புதுப்பானையும் பச்சரிசியும் ஒரு சிவப்புச் சேலையும் எடுத்துக்கொண்டு, நிறைமாதமாக இருந்த மகளைக் கைபிடித்து, ஊர் பார்க்கத் தெரு நடுவே நடத்தி இசக்கி முற்றத்துக்கு அழைத்துப் போனாள். உலகம்மை விறகைச் சுமந்து பின்னால் போனாள். பொங்கலிட்டு, சேலை சாத்தி, கூடி நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி, "எம்மோ, நீயும் வயித்துப்பிள்ளையோட தவிச்சவதான். அன்னைக்கு ஒனக்குக் கை பிடிக்க ஒரு ஆளில்ல. இன்னைக்கு எம் மகளுக்கு நீ தொணையா நில்லு" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு முற்றத்தைக் குறுக்கே கடந்து நேரே விடுதிக்குள் போய்த் தாணம்மாளைக் கட்டிலில் உட்காரவைத்தாள். இசக்கியின் சிவப்புச் சாந்தும் கையுமாக வந்தவர்களைப் பார்த்து ராகேல் முகம் சுளித்தாளோ என்றால் அதுவுமில்லை, "நீங்க எந்த அம்மையக் கும்பிட்டுட்டு வந்தாலும் கொள்ளாம், நல்லதுதான் அம்மா, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு உள்ள வாங்கோ, எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்றாளாம். பிள்ளை கால் முன்னாக வந்ததையும், ராகேலின் கையால்தான் இருவரும் பிழைத்தார்கள் என்பதையும் தூரத்தில் இருக்கிற நீ கலங்கவேண்டாமென்று அப்போது மறைத்தேன். குழந்தையோடு தாணம்மாள் நடந்து திரும்பியதைத் தெருவே நின்று பார்த்தது. நான் பல மாலைகள் பேசி ஆகாத காரியம் ஒரு பானைப் பொங்கலால் ஆயிற்று.

இனி என்ன கவலை என்று நீ கேட்பாய், கவலை அதன் பிறகுதான் தொடங்கியது. தை பிறந்ததும் நம் ஊரார் மட்டுமல்ல, சுற்றூர்களிலிருந்தும், இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையிலிருந்தும் வண்டி வண்டியாக வரத் தொடங்கிவிட்டார்கள். கட்டில் இரண்டுதான், மற்றவர்கள் தரையில் பாய் விரித்துக் கிடக்கிறார்கள், அதற்கும் இடமின்றித் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி கையைப் பிடித்திருக்கும்போதே இன்னொருத்தி கூப்பிடுகிறாள், ராகேல் நின்றபடியே கண்ணயர்ந்ததை உன் தாய் பார்த்திருக்கிறாள். இன்னொரு நர்ஸ் வேண்டுமென்று ஊரார் சார்பில் நானே எழுதிக் கேட்டேன். கட்டடம் கட்டப் பணம் இருக்கிறது, பயிற்சி பெற்ற பெண்கள் போதவில்லை, உங்கள் ஊரிலிருந்து யாரையாவது அனுப்பினால் பயிற்றுவித்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. மகனே, நாடு என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தத் தாழ்வாரம்தான் கண்ணில் நிற்கிறது. ஆளில்லை என்று மூடப் பார்த்த கதவை, ஆள் மிகுந்ததால் மூடவேண்டி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இன்னொரு எண்ணமும் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. முன்பெல்லாம் பிறந்தவற்றில் பாதி மண்ணுக்குப் போயின, இனி அவை பிழைக்கும், பிழைத்தவை பெருகும், பெருகினால் இத்தனை பேருக்கும் சோறும் பள்ளியும் வேலையும் எங்கிருந்து வரும்? இதைக் கோயிலில் ஒருவரிடம் சொன்னேன், அப்படியானால் பிழைக்காமல் போவதே நாட்டுக்கு நல்லதென்கிறீரா என்று திருப்பிக் கேட்டார். உன் அணையின் நீர் இவர்கள் எல்லோருக்கும் எட்டுமா என்பதை நீ கணக்கறிந்தவன் எழுது. எட்டாது என்றாலும் எழுது.

தாணம்மாள் விடுதியில் இருந்த நாட்களில் உலகம்மை அங்கே உதவிக்குப் போனவள், அக்காள் வீடு திரும்பிய பின்னும் போவதை நிறுத்தவில்லை. வெந்நீர் வைப்பதில் தொடங்கி, இப்போது ராகேலின் அருகில் நின்று பேறு பார்க்கவே பழகிவிட்டாள். மாசி மாதத்தில் ஒருநாள் என் எதிரில் வந்து நின்று, திருவனந்தபுரத்தில் சர்க்கார் நடத்தும் மருத்துவச்சிப் பயிற்சிக்குத் தன்னை அனுப்ப வேண்டுமென்றும், முடித்தபின் நம் ஊர் விடுதிக்கே வருவதாகவும் கேட்டாள். நம் குலத்தில் இல்லாத வழக்கம், உதிரமும் தீட்டும் நாளெல்லாம் கையில் கொண்டவள் எந்த வீட்டில் விளக்கேற்றப் போகிறாள் என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அதைக் கேட்டு உள்ளிருந்து உன் தாய் வந்தாள். சிராப்பள்ளிக் குன்றில் உறையும் ஈசன், ஆற்றில் வெள்ளம் பெருகி அக்கரையில் தடைப்பட்ட தாயின் உருவை எடுத்துவந்து மகளுக்குப் பேறு பார்த்த வரலாற்றை நான் எத்தனை சபைகளில் கண்ணீர் மல்கச் சொல்லியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். "இஞ்ச பாருங்கோ, சாமி வந்து பேறு பாத்தா அது புண்ணியக் கதை, ஒங்க மக பாத்தா அது தீட்டாக்கும்?" என்று கேட்டாள். இறைவனுக்குத் தீட்டு ஏது என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து அந்த வரலாற்றை நான் கோயிலில் எடுப்பதில்லை. ஒருபுறம் இப்படியிருக்க மறுபுறம் தோவாளைப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா, சைவ ஒழுக்கம் உள்ளவர்கள். பயிற்சியைப் பற்றிய பேச்சை நான் அப்படியே மூடிவைத்து, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டேன்.

வந்தார்கள். பையனின் தகப்பனாரும் தாயும் வேறு நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள், முந்திரிக்கொத்துப் பலகாரமும் பழமும் வைத்தோம், சிவதாணு என் பக்கத்தில் இருந்தான். உலகம்மை பட்டுடுத்துத் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். பெரியவர் அவள் படிப்பை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கடற்கரையைச் சேர்ந்த சிலுவை என்கிற மீனவர், மனைவியை விடுதியில் இறக்கிவிட்டு வந்தவர், படியேறாமல் வெளியிலேயே நின்று, "ஐயா, நர்ஸம்மா சின்ன அக்காவைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ. எம் பெண்டாட்டிக்கும் இன்னொரு பொம்பளைக்கும் ஒரே நேரத்துல நோவு முத்திப்போச்சு, நர்ஸம்மாவுக்கு ரெண்டு கைதான இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னார். பெரியவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்து, "இதென்ன பிள்ளைவாள், பொண்ணு பாக்க வந்த எடத்துல பேறுகாலத்துக்கு ஆளு கேட்டு வாறாங்க? வேற ஆளப் பாக்கச் சொல்லும்" என்றார். உலகம்மை தட்டைக் கையில் ஏந்தியபடி என்னைப் பார்த்தாள். உன் தாயைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். எத்தனையோ பாட்டும் பொருளும் நெஞ்சில் ஏற்றி வைத்திருக்கிறேன், அந்நேரத்துக்கு ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. அப்போது சிவதாணு தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "அண்ணாச்சி, யோசிக்காதீங்கோ. எங்க வீட்டுல யோசிச்சாச்சு" என்றான்.

"போ மக்கா" என்று சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பெரியவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து நின்று கைகூப்பி, "ஒங்க பொண்ணு நல்ல பொண்ணுதான் பிள்ளைவாள். ஆனா எங்க வீட்டு அடுக்களை வேற மாதிரி" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். ஒரு முந்திரிக்கொத்தைக்கூட யாரும் எடுக்கவில்லை. அந்தி சாய்ந்தபின் உலகம்மை வந்தாள். நாள்தோறும் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வருவாள், நானும் அதில் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று நேரே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ரெண்டும் பெண்ணுப்பா, ரெண்டும் நல்லா அழுதுச்சு" என்று சொல்லிவிட்டு, "பசிக்கி" என்றாள். உன் தாய் என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், அவள் சோறு போட்டாள். நான் செய்தது சரிதானா என்று உன்னைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அந்த வரன் போனதற்கு நான் வருந்தவில்லை என்றால் அது பொய். இனி வரும் வரன்களும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வரும், அல்லது கேட்டுவிட்டு வராமலே இருக்கும். என் காலத்துக்குப் பின் அவளுக்குத் துணை யார் என்று நினைத்தால் பூசையில் மனம் நிற்பதில்லை, மலர் எடுத்த கை எடுத்தபடியே இருந்துவிடுகிறது.

நாளை திங்கட்கிழமை அவளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று பயிற்சியில் சேர்க்கிறேன், ராகேல் எல்லா விவரமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். உடம்புக்கு நல்லெண்ணெயும் தலைக்குத் தேங்காயெண்ணெயும் இட்டு வாரம் தவறாமல் குளி. அணையில் பாரம் தூக்கும் எந்திரங்களின் கீழ் நிற்காதே. வெந்நீரையே குடி. நெற்றியை வெறுமையாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே, அங்கே யாரும் விபூதி அணிவதில்லை என்பது காரணமாகாது. உன் தங்கைக்குத் தனியாகக் கடிதம் எழுது, அறிவுரை வேண்டாம், அவளுக்குச் சிரிப்பு வரும்படி ஏதாவது எழுது, புது இடத்தில் முதல் மாதம் கடினமாக இருக்கும். தெருவார் கண்ணில் படாமல் விடியுமுன் போகிற வண்டியில் போய்விடுங்கள் என்று உன் தாய் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது, இசக்கி முன் அஞ்சாதவள் இந்தத் தெருவுக்கு அஞ்சுகிறாளே என்று. ஊர் முழுதும் விழித்து வாசலில் நிற்கிற பத்துமணி வண்டியிலேயே போகிறோம், பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எல்லையில் நிற்பவளும் உள்ளே உறைபவனும் உன்னைக் கைவிடாதிருப்பார்களாக.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் தகப்பன்,
ஆ. வள்ளிநாயகம் பிள்ளை.